ஜனவரி 8 எப்படி ஒகஸ்ட் 1 ஆனது? எக்செல் கலத்துக்குள் இருக்கும் ஒரு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள். பாடசாலை, பள்ளிவாசல், மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று எங்காவது கணினியில் பெயர்ப் பட்டியல் செய்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கள். நான் கணினிப் பாட ஆசிரியர் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆசிரிய கலாசாலையில் இருந்த காலத்தில் எக்செல் பழகினேன். பிறகு சொந்த ஆர்வத்தில் மக்ரோ எழுதப் பழகினேன். அந்த அரைகுறை அறிவால் ஒரு பிழை விட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2018ஆம் ஆண்டு. அடுத்த வருடத் தரம் 1 அனுமதிக்கான விண்ணப்பங்கள் வந்து குவிந்திருந்தன. விதி எல்லோருக்கும் தெரியும். சேரும் வருடம் ஜனவரி 31இல் பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். அதாவது 2014 ஜனவரி 31 அல்லது அதற்கு முன் பிறந்திருக்க வேண்டும்.

"சேர், உங்களுக்குத்தானே கம்பியூட்டர் தெரியும், இந்த லிஸ்ட்டைக் கொஞ்சம் பாருங்க" என்றார் அதிபர். தம்பி ஒருவர் விண்ணப்பங்களையெல்லாம் தட்டச்சு செய்து சீ.எஸ்.வி. கோப்பாக அனுப்பியிருந்தார். நான் ஒரு மக்ரோ எழுதினேன். அது கோப்பைத் திறக்கும், பிறந்த திகதியைப் பார்க்கும், வயது போதாத பிள்ளைகளை வேறு தாளில் பிரித்து வைக்கும். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. எனக்குப் பெரிய பெருமை. நிரல்களையெல்லாம் நடுவுக்கு எடுத்து அழகாக்கி அச்செடுத்து ஒட்டினோம்.

அடுத்த நாள் ஒரு தாய் வந்தார். கணவர் வெளிநாட்டில். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் பிறப்புச் சான்றிதழ்.

"சேர், என்ட மகன் ஜனவரியில பொறந்தவன். இதுல ஒகஸ்ட் எண்டு போட்டிருக்கு. வயசு காணாதாம்."

"தாத்தா, கம்பியூட்டர் பிழை விடாதே, நீங்க விண்ணப்பத்துல மாறி எழுதியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கும் அந்த வசனத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் மறுபேச்சுப் பேசாமல் சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தார். மாதம் எழுத்தில் இருந்தது: ஜனவரி. விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தேன். 08/01/2014. தம்பி அனுப்பிய கோப்பிலும் அப்படியே சரியாக இருந்தது. என் பட்டியலில் மட்டும் 01/08/2014.

விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது அதே நிலையில் இன்னும் மூன்று பிள்ளைகள் இருந்தார்கள். நால்வரும் 2014 ஜனவரி 2ஆம் திகதிக்கும் 12ஆம் திகதிக்கும் இடையில் பிறந்தவர்கள். அன்றைக்கே பட்டியலைக் கழற்றினோம், திருத்தி மறுபடி ஒட்டினோம். அந்தத் தாய் வராமல் வீட்டில் இருந்திருந்தால் நாலு பிள்ளைகளுக்கு ஒரு வருடம் போயிருக்கும்.

ஆனால் ஏன் இப்படி நடந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. கோப்பை நானே இரண்டு முறை கிளிக் பண்ணித் திறந்தால் திகதி சரி. மக்ரோ திறந்தால் பிழை. ஒரே கணினி, ஒரே கோப்பு. மூன்று இரவு இருந்து தேடினேன். தேடத் தேட அது கணினிப் பாடமாக இல்லாமல் என்னுடைய பாடமாக மாறியது. அந்தப் பிழைக்கு வரலாறு இருந்தது.

முதலில் ஓர் அடிப்படை விசயம். எக்செல் கலம் ஒவ்வொன்றிலும் இரண்டு பொருட்கள் இருக்கின்றன. ஒன்று பெறுமானம், மற்றது தோற்றம். நாங்கள் கண்ணால் காண்பது தோற்றத்தை. எக்செல் கணக்குப் பார்ப்பது பெறுமானத்தை வைத்து. திகதி என்று எக்செல்லுக்குள் தனியாக ஒன்று கிடையாது, அது வெறும் நாள் எண்ணிக்கை. 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டு வந்தால் 2014 ஜனவரி 8 என்பது 41647. அதே வருடம் ஒகஸ்ட் 1 என்பது 41852. அந்தப் பிள்ளையின் வயதில் 205 நாட்களை என் மக்ரோ வெட்டிவிட்டது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1978இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் வணிகக் கல்லூரியில் டான் பிரிக்லின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். விரிவுரையாளர் கரும்பலகையில் பெரிய கணக்கு அட்டவணை ஒன்றை எழுதுவார். ஓர் எண் மாறினால் அதோடு சேர்ந்த எல்லா எண்களையும் அழித்து அழித்து எழுத வேண்டும். இந்த வேலையைக் கணினி தானாகச் செய்தால் என்ன என்று பிரிக்லின் யோசித்தார். பொப் பிராங்ஸ்டன் செய்நிரலை எழுதினார். 1979இல் அப்பிள் 2 கணினிக்கு 'விசிகல்க்' வெளிவந்தது. இன்றைய விரிதாள்களுக்கெல்லாம் மூத்தது அதுதான்.

அந்த முதல் விரிதாளுக்கே ஒரு பிரச்சினை வந்தது. மனிதன் தட்டச்சு செய்வது பெயரா, எண்ணா? விசிகல்க் அதை முதல் எழுத்தைப் பார்த்து முடிவு செய்தது. எழுத்தில் தொடங்கினால் பெயர், இலக்கத்தில் தொடங்கினால் எண். இலக்கத்தில் தொடங்கும் ஒன்றைப் பெயராக வைக்க வேண்டுமானால் முன்னால் ஒரு மேற்கோள் குறி போட வேண்டும். கேட்காமல் ஊகிக்கும் பழக்கம் அங்கேயே தொடங்கிவிட்டது.

இன்று உங்கள் பட்டியலில் போன் நம்பரின் முதல் பூச்சியம் காணாமல் போவதும் அதே ஊகத்தால்தான். 077 என்று தொடங்கும் பத்து இலக்கத்தை எண் என்று எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லை. கணித ரீதியில் அது சரி. ஆனால் போன் நம்பர் கூட்டிக் கழிக்கிற எண் இல்லையே. இலக்கத்தில் எழுதப்பட்ட ஒரு பெயர் அது. பாடசாலைச் சேர்விலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான்.

1983 ஜனவரியில் மிட்ச் கபோரின் நிறுவனம் ஐ.பி.எம். கணினிக்கு 'லோட்டஸ் 1-2-3'ஐ வெளியிட்டது. பெரும்பகுதிச் செய்நிரலை எழுதியவர் ஜொனதன் சாக்ஸ். சந்தையை அது அப்படியே பிடித்தது. மக்ரோவைப் பரவலாக்கியதும் இதுதான். விசைப்பலகையில் திரும்பத் திரும்ப அழுத்துவதைக் கலத்தில் எழுதி வைத்தால் அதுவே செய்து முடிக்கும். எண்ணைப் பெயராக வைக்க முன்னால் தனி மேற்கோள் குறி போடும் முறையும் லோட்டஸில் இருந்தது. இன்றும் எக்செல்லில் போன் நம்பருக்கு முன்னால் அந்தக் குறியைப் போடுகிறோம்.

திகதியை 1900 ஜனவரி 1இலிருந்து எண்ணும் முறையும் லோட்டஸிலிருந்து வந்ததுதான். அதில் ஒரு பிழை இருந்தது. 1900ஆம் ஆண்டை லீப் வருடமாகக் கணக்கெடுத்தார்கள். நான்கால் வகுபடும் ஆண்டு லீப் வருடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் நூற்றாண்டு வருடம் என்றால் 400ஆல் வகுபட வேண்டும். 1582இல் கிரெகோரியன் நாட்காட்டி கொண்டுவந்த திருத்தமே அதுதான். 2000 லீப் வருடம், 1900 இல்லை. லோட்டஸில் மட்டும் 1900 பெப்ரவரி 29 என்ற, உலகத்தில் வராத ஒரு நாள் இருந்தது.

1985இல் மைக்ரோசொப்ட் எக்செல்லை முதலில் மெக்கின்டொஷ் கணினிக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வெளியிட்டது. லோட்டஸ் பாவிக்கிறவர்களைத் தங்கள் பக்கம் எடுக்க வேண்டுமென்றால் லோட்டஸ் கோப்புகள் எக்செல்லில் ஒரு நாள்கூட மாறாமல் திறக்க வேண்டும். அதனால் அந்த இல்லாத நாளையும் தெரிந்துகொண்டே எடுத்துக்கொண்டார்கள். இன்றும் எக்செல் கலத்தில் 60 என்று எழுதி அதைத் திகதித் தோற்றத்துக்கு மாற்றிப் பாருங்கள். 1900 பெப்ரவரி 29 என்று காட்டும். மெக்கின்டொஷ் எக்செல்லில் எண்ணிக்கை 1904இலிருந்து தொடங்கியது. அந்த முறையில் செய்த தாளிலிருந்து திகதிகளைச் சாதாரணத் தாளுக்குப் பிரதி பண்ணினால் 1,462 நாட்கள், அதாவது நாலு வருடமும் ஒரு நாளும், தள்ளிப் போகும்.

1992இல் நடந்த ஒரு சம்பவத்தை ஜோயல் ஸ்பொல்ஸ்கி எழுதியிருக்கிறார். எக்செல்லுக்குப் புதிய மக்ரோ மொழி ஒன்றைத் திட்டமிடும் பொறுப்பு இவருக்கு. திட்டத்தைப் பார்த்த பில் கேட்ஸ் கேட்ட கடினமான கேள்வி திகதியைப் பற்றியது. ஸ்பொல்ஸ்கி அந்த விசயத்தை முன்பே தேடிப் பார்த்து வைத்திருந்தார். மக்ரோ மொழியின் எண்ணிக்கையும் எக்செல்லின் எண்ணிக்கையும் 1900இன் முதல் இரண்டு மாதங்களைத் தவிர மற்ற எல்லா நாட்களுக்கும் ஒத்துப்போகும் என்று பதில் சொன்னார். மக்ரோ மொழியை எழுதியவர்கள் அந்த இல்லாத நாளைச் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொடக்கத்தை ஒரு நாள் முன்னால், 1899 டிசம்பர் 31க்குத் தள்ளி, 1900 மார்ச் 1இலிருந்து இரண்டு எண்ணிக்கையும் சமமாக வரும்படி செய்திருந்தார்கள்.

அந்த மொழிதான் 1993இல் எக்செல் 5உடன் வந்த வி.பி.ஏ. நாங்கள் இன்று மக்ரோ எழுதுவது அதில்தான். என் பிழைக்கான காரணமும் அதற்குள் இருந்தது.

ஒரு மக்ரோவைக் கொழும்பில் எழுதினாலும் பாரிஸில் எழுதினாலும் அது ஒரே மாதிரி ஓட வேண்டும். அதற்காக வி.பி.ஏ. பல இடங்களில் அமெரிக்க வழக்கையே பொதுவாக எடுத்துக்கொள்கிறது. அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவார்கள், நாங்கள் நாளை முதலில் எழுதுவோம். நான் கையால் கோப்பைத் திறந்தால் எக்செல் என் கணினியின் இலங்கை அமைப்பைப் பார்க்கும். மக்ரோ திறந்தால், வேறு மாதிரிச் சொல்லிவைக்காவிட்டால், அமெரிக்க வழக்கைத்தான் பார்க்கும். 08/01 என்றால் அதற்கு எட்டாம் மாதம் முதலாம் திகதி.

அப்படியானால் முழுப் பட்டியலும் குழம்பியிருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஆபத்து. 23/05 என்று வந்தால் 23ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. அதனால் எக்செல் அதைத் திகதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். பிறகு என் மக்ரோவின் இன்னொரு வரி அதை இலங்கை முறைப்படி சரியாகத் திகதியாக்கியது. நாள் 12க்கு மேல் என்றால் எல்லாம் சரி. 12 அல்லது அதற்குக் கீழே என்றால் மாதமும் நாளும் இடம் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் அப்படி 144 நாட்கள். நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் 12 நாட்களைக் கழித்தால் 132. வருடத்தின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், சத்தமில்லாமல் பிழை.

2013இல் பிறந்த பிள்ளைகளின் மாதம் மாறினாலும் வருடம் மாறாது. வயதுத் தகுதியும் கெடாது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. 2014 ஜனவரியின் அந்தப் பதினொரு நாட்களில் பிறந்தவர்கள் மட்டும் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தார்கள்.

இது என்னைப் போன்ற அரைகுறைகளுக்கு மட்டும் நடக்கிற விசயம் என்று நினைக்க வேண்டாம். மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு 'மார்ச்1', 'செப்ட்2' என்ற மாதிரிக் குறும்பெயர்கள் இருந்தன. விஞ்ஞானிகள் எக்செல்லில் அவற்றை எழுதியதும் அவை மார்ச் 1ஆம் திகதியாகவும் செப்டெம்பர் 2ஆம் திகதியாகவும் மாறின. இதை 2004இலேயே ஓர் ஆய்வுக் கட்டுரை எச்சரித்தது. 2016இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது, மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டதாக அறிவித்தது. 'மார்ச்1' இப்போது 'மார்ச்எஃப்1'. 'செப்ட்' எல்லாம் 'செப்டின்'. எக்செல் மாறவில்லை, மனித மரபணுவின் பெயர் மாறியது.

2023 ஒக்டோபரில் மைக்ரோசொப்ட் ஒரு வசதியைத் தந்தது. பூச்சியத்தை நீக்குவது, திகதியாக மாற்றுவது போன்ற தானியங்கி மாற்றங்களை நாங்களே நிறுத்தி வைக்கலாம். நல்ல விசயம். ஆனால் மக்ரோ ஓடும்போது இந்த மாற்றங்களை நிறுத்த முடியாது என்பதையும் அதே அறிவிப்பில் சொன்னார்கள். எனவே மக்ரோ எழுதுகிறவர் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பட்டுப் பழகியவற்றைச் சொல்கிறேன். மக்ரோ எழுதாதவர்களுக்கும் பாதி உதவும்.

1. முதலில் தோற்றம், பிறகு பெறுமானம். போன், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, சேர்விலக்கம் போன்ற நிரல்களை எழுதத் தொடங்கும் முன்பே 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். மக்ரோவில் 'நம்பர்போர்மட்'டுக்கு @ குறியைக் கொடுத்த பிறகுதான் பெறுமானத்தை எழுத வேண்டும். எழுதிய பிறகு மாற்றினால் போன பூச்சியம் திரும்பி வராது. பத்து இலக்கமாகக் காட்டும்படி தோற்றத்தை மாற்றினால் பூச்சியம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் உள்ளே இருக்காது. வேறொரு பட்டியலோடு ஒப்பிடும்போது பொருந்தாது.

2. நீண்ட இலக்கங்களில் கவனம். எக்செல் எண்ணில் 15 இலக்கங்களைத்தான் காப்பாற்றும். 16ஆவது இலக்கத்திலிருந்து பூச்சியமாக்கிவிடும், வங்கி அட்டை இலக்கம் அப்படித்தான் கெடும். 2016இலிருந்து வரும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணை எண்ணாக எழுதினால் நடுவில் ஒரு ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் போட்டுச் சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் எக்செல் கோப்பு என்றால் மீட்கலாம். சீ.எஸ்.வி. ஆகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிகிற சுருக்கம்தான் பதிவாகும், மீதி இலக்கங்கள் போய்விடும்.

3. மக்ரோவில் திகதியை எழுத்தாகக் கொடுக்க வேண்டாம். வருடம், மாதம், நாள் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து 'டேட்சீரியல்' மூலம் கொடுங்கள். அங்கே ஊகத்துக்கு இடமில்லை. சீ.எஸ்.வி. கோப்பை மக்ரோவால் திறப்பதாக இருந்தால் 'லோக்கல்' என்ற தெரிவுக்கு 'ட்ரூ' கொடுங்கள். அந்த ஒரு சொல்லை நான் போட்டிருந்தால் அன்றைக்குப் பிழையே வந்திருக்காது.

4. கலத்தை வாசிக்கும்போது 'டெக்ஸ்ட்' மூலம் வாசிக்க வேண்டாம். அது தோற்றத்தைத்தான் தரும். நிரல் ஒடுங்கியிருந்தால் ##### என்று தந்துவிடும். 'வெல்யூ2' மூலம் வாசித்தால் உள்ளே இருக்கும் பெறுமானம் அப்படியே வரும்.

5. பட்டியலைச் சரிபார்த்து முடியும்வரை நிரல்களை நடுவுக்கு எடுக்க வேண்டாம். எக்செல் தானாகவே எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் வைக்கும். ஒரே திகதி நிரலில் பாதி இடமும் பாதி வலமும் நின்றால் உள்ளே குழப்பம் இருக்கிறது என்று அர்த்தம். அதேபோல் பண நிரலில் சில தொகைகள் இடப்பக்கம் நின்றால் கூட்டுத்தொகையில் அவை சேராது. சந்தாக் கணக்கு வைத்திருக்கிறவர்கள் உடனே பாருங்கள். அழகுக்காக நான் நடுவுக்கு எடுத்ததால் பிழையைக் காட்டும் அடையாளத்தை நானே அழித்துவிட்டேன்.

6. திகதியில் மாதத்தைப் பெயரால் காட்டுங்கள். 08/01 என்று எழுதினால் இரண்டு விதமாக வாசிக்கலாம். 08 ஜனவரி என்று எழுதினால் ஒரு விதம்தான். பிறப்புச் சான்றிதழில் மாதம் எழுத்தில் இருந்ததால்தான் அன்றைக்கு நானே வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியாக ஒரு விசயம். இப்போது எங்கள் ஊர்களில் நிவாரணப் பட்டியல், உலருணவுப் பட்டியல், புலமைப்பரிசில் உதவிப் பட்டியல், வீட்டுத் திட்டப் பட்டியல் எல்லாம் எக்செல்லில்தான். ஒரு பூச்சியம் போனால் ஒரு வீட்டுக்குப் போன் போகாது. அழைத்தோம், பதில் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவோம். அந்த வீட்டில் இருப்பவர் தன் பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்கக்கூட வரமாட்டார். அந்தத் தாய் கேட்க வந்தார், கையில் சான்றிதழும் இருந்தது. எல்லோரிடமும் சான்றிதழும் இருக்காது, கேட்கும் துணிச்சலும் இருக்காது.

அதனால் பட்டியல் செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். யாராவது வந்து பிழை என்று சொன்னால், கம்பியூட்டர் பிழை விடாது என்று நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். முதலில் மூலப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பட்டியலை ஒட்டும் முன் ஒரு பத்துப் பெயரையாவது படிவத்தோடு ஒப்பிடுங்கள். அதில் 12ஆம் திகதிக்கு முன் பிறந்தவர்கள் சிலரும் இருக்கட்டும்.

அந்தப் பிள்ளை அந்த வருடமே தரம் 1இல் சேர்ந்தான், அல்ஹம்துலில்லாஹ். இப்போது நல்லா வளர்ந்துவிட்டான். ரோட்டில் கண்டால் சைக்கிளை நிறுத்தி ஸலாம் சொல்வான். இந்தக் கதை அவனுக்குத் தெரியாது.

உங்கள் பட்டியலில் இப்படி ஏதாவது குழப்பம் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். நான் சொன்னதில் பிழை இருந்தால் கணினிப் பாட ஆசிரியர்கள் தயவுசெய்து திருத்துங்கள். உங்கள் ஊர்ப் பள்ளி நிர்வாகத்துக்கும் சங்கச் செயலாளர்களுக்கும் இதைப் பகிர்ந்துவிடுங்கள்.